எடைக்கு வந்த பாதரசம்

அத்தியாயம் பதினேழு

ஒரு வீட்டின் நிம்மதி அந்த வாரம் நானூறு ரூபாய்க்கு விலை போயிற்று. மூடி இனாம்.

விற்றவருக்கு அது நிம்மதி என்று தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. பழைய மர அலமாரி என்று நினைத்துத்தான் இருவரும் பேரம் பேசினார்கள். இழுத்து மூடப்பட்ட ஒரு பரிசோதனைக்கூடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களை மொத்தமாக எடுக்கப் போன நம் காந்தம், கரையான் அரித்திருக்கிறது, கதவு இழுக்கிறது, தூக்கிப் போகிற கூலிக்கே கட்டாது என்று அடுக்கி, அறுநூறு ரூபாயை நானூறுக்கு இறக்கினான். அந்த அலமாரியின் அடித்தட்டில், தூசிக்குப் பின்னால், இருமல் மருந்து பாட்டில் அளவில் ஒரு பாட்டில். அதை எடுக்கக் கையை நீட்டியவன், தூக்க முடியாமல் இன்னொரு கையையும் நீட்டினான். போன வாரம் நாம் கதையை நிறுத்தியது அந்த இரண்டாவது கையில்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் பழைய இரும்புக் கடை, பின்னால் வீடு. கடைக்கு முதலாளி மூத்தவர். தம்பிக்குக் காந்தம் என்ற பெயர் சும்மா வரவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். தன் கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பாத்திரங்களில்கூட அதை ஒட்டிப் பார்த்தவன். மூத்தவரின் மனைவி பெரியவள். காந்தத்தின் மனைவி சின்னவள், ஏழு மாத வயிற்றோடு இருக்கிறாள். அந்த வீட்டில் பிறக்கப்போகிற முதல் குழந்தை அது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த தங்கை ஒருத்தி உண்டு. நகராட்சியின் அபாயக் கழிவுப் பிரிவில் வேலை. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற கொட்டகை ஒன்று அண்ணன் கடையில் இருந்தது. அமிலம் சாக்கடைக்குப் போகிறது என்று அதற்கு அவளே வந்து சீல் வைத்தாள். அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை, பெயரைக்கூடச் சொல்வதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் 'ஆபீசர்' என்பார், சோற்றில் கல்லைக் கடித்த முகத்தோடு.

இனி அந்த நாள்.

பாட்டிலைக் கடையின் மின்தராசில் வைத்ததும் மூத்தவர் எண்ணை இரண்டு தரம் படித்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவர் அவர்; பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இந்தக் குட்டிப் பாட்டிலை முக்கால் கிலோ என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கச் சொன்னார். தராசைத் தட்டிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. பிசகியது அவர் கண். அது அவர் வாழ்க்கையில் புதுசு.

மூடியைத் திருகி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. "பாதரசம்டா. இதுக்கு இன்னிக்கு என்ன விலை தெரியுமா உனக்கு?" என்றார். விலை அவருக்குத் தெரியும். பாதரசத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அத்தோடு சரி.

காந்தத்துக்கு விலையைவிட வேடிக்கை பெரிது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். பிள்ளைக்கென்று புதிதாக வெள்ளையடித்து, கடைக் கம்பிகளை வளைத்து அவனே தொட்டில் செய்து போட்டிருந்த அறையில் சின்னவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு எவர்சில்வர் தட்டை ஸ்டூல்மேல் வைத்துக் கொஞ்சம் ஊற்றினான்.

ஊற்றினான் என்பது பேச்சுக்கு. தண்ணீர் விழுகிற மாதிரி அது விழவில்லை, இறங்கியது. தட்டு லேசாக முனகியது. நிலாவை உருக்கி விட்டமாதிரி தட்டின் நடுவில் கூடி, விளிம்பை உருட்டிக்கொண்டு, தட்டை நனைக்காமல் நின்றது. சட்டைப்பையில் கிடந்த பெரிய இரும்பு நட்டு ஒன்றை எடுத்து மேலே போட்டான் காந்தம். மூழ்கவில்லை. மிதந்தது. விரலால் அமுக்கினால் உள்ளே போகாமல், வேண்டாம் என்று மேலே வந்தது.

இரும்பை மிதக்கவிடும் திரவத்தை, இரும்பிலேயே சாப்பிட்டு இரும்பிலேயே தூங்குகிற அந்தக் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை. மூத்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். கரண்டியோடு வந்த பெரியவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றாள் என்பதை நம்புவது கஷ்டம்தான், ஆனால் நின்றாள்.

சின்னவள் மெல்லக் கேட்டாள். "விரலை உள்ள விட்டுப் பார்க்கட்டுமா?"

"விடேன். நனையாது, பாரு."

மோதிர விரலை இறக்கினாள். எல்லாப் பக்கமிருந்தும் யாரோ விரலைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. எடுத்தாள், விரல் காய்ந்துதான் இருந்தது. "என்னை வேணாங்குது," என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஓர் உதை. சிரித்த வாக்கில் வயிற்றைப் பிடித்தவளின் முழங்கை தட்டில் பட்டது.

தட்டு கவிழ்ந்த சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்ததுதான் விசித்திரம். சத்தமே இல்லை. ஒரு குளம் ஆயிரம் குண்டுமணிகளாக உடைந்து, கட்டிலுக்கு அடியிலும் தொட்டில் காலுக்குப் பின்னாலும் சுவரோரமும் ஓடி ஒளிந்தது. துரத்தினால் இரண்டாகும், அமுக்கினால் நாலாகும்.

துடைப்பத்தால் தீராத பிரச்சினை ஒன்று அந்த வீட்டில் உண்டு என்பதைப் பெரியவள் ஏற்கத் தயாராக இல்லை. எடுத்துவந்து பெருக்கினாள். பெருக்கப் பெருக்க அது பெருகியது. தமிழில் இந்த வேலைக்கு அந்தச் சொல்லை வைத்தவர்கள் பாதரசத்தைப் பெருக்கித்தான் வைத்தார்களோ என்னவோ. ஐந்து நிமிடத்தில் பெரிய மணிகள் எல்லாம் காணாமல் போய், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி, அறை சுத்தமாகவே இருந்தது. பார்வைக்கு.

தட்டில் மிஞ்சியதையும் கண்ணில் பட்டதையும் வழித்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டு மூத்தவர் நிமிர்ந்தபோதுதான் சின்னவள் கையை நீட்டினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"மாமா, என் மோதிரத்தைப் பாருங்க."

தங்க மோதிரம் வெளுத்திருந்தது. விளிம்பில் துணுக்குத் துணுக்காக ஆரம்பித்து, முக்கால் வட்டம் வெள்ளியாகிவிட்டது. துடைத்தால் போகவில்லை. காந்தம் தன் முதல் லாபத்தில் வாங்கிப் போட்டது அது. அவன் முகமும் மோதிரத்தின் நிறத்துக்கு வந்தது.

மூத்தவர் மட்டும் பதறவில்லை. மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். அவர் தொழிலில் எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே மருந்துதான். வயர் வந்தால் கொளுத்து, செம்பு தனியாக வரும். பெயின்ட் ஒட்டிய தகடா, காட்டு தீயில். எது எது உண்மை, எது எது பூச்சு என்பதை அவருக்கு முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது நெருப்புதான். நெருப்பில் காட்டினால் பாதரசம் ஓடிப்போகும், தங்கம் நிற்கும் என்றார்.

தப்பில்லை. பாதரசம் ஓடிப்போகத்தான் செய்யும். எங்கே ஓடும் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அவர் குறடு தேடிச் சமையலறைக்குப் போன நேரத்தில் சின்னவள் பின்கட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் யாரும் அழைக்கக்கூடாத எண் ஒன்று அவள் போனில் இருந்தது, வேறு பெயரில். தையல்காரி. அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் குசலம் விசாரிப்பு எதுவும் இல்லை. இரண்டே கேள்வி. மோதிரம் இப்போது என்ன நிறம்? அடுப்பு பற்றவைத்தாயிற்றா?

"இனிமேத்தான், அண்ணி."

"நீ வெளியே போய் வாசல்ல நில்லு. உள்ள போகாதே. நான் வந்துட்டேன்."

நகராட்சிக் கழிவு ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். அத்தனை நாளும் அந்த இரண்டு தெருவைக் கடக்க முடியாமல் இருந்ததுதான் இந்தக் கதையின் பதினாறு அத்தியாயம்.

நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. குறட்டின் நுனியில் மோதிரம். மூத்தவர் அதை நெருப்புக்கு இறக்கப்போன சமயத்தில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அடுப்பின் குமிழைத் திருகியது. அணைந்தது. அவர் திரும்பாமலே யாரென்று தெரிந்துகொண்டார். சின்ன வயதில் அவர் கையிலிருந்து தின்பண்டத்தைப் பறித்த அதே கை, அதே வேகம்.

குறட்டை மேடைமேல் வைத்தார். அத்தனை நாளைக்கு அப்புறம் தங்கையிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"இப்ப வீட்டுக்குள்ள வந்திருக்கிறது தங்கச்சியா, ஆபீசரா?"

"அடுப்பை அணைக்கிற வரைக்கும் தங்கச்சி. இப்ப ஆபீசர்."

அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. மோதிரத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் திருகி மூடிக்கொண்டே, வேலை பேசுகிற குரலில் சொன்னாள். "சூடு பட்டா இது ஆவியாகும்ணே. கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது, தொண்டைகூடக் கரகரக்காது. நாம மூச்சை இழுப்போம், அது உள்ள வந்துரும். நமக்கே மூளையைத் தொடுற சாமான். வயித்துல இருக்கறதுக்கு மூளையே இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு."

மூத்தவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவள் சொன்னபடி. சின்னவள் மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு முன்கடைக்குப் போக வேண்டும். உடுத்தியிருந்தது பைக்குள் கட்டி வைக்கப்பட வேண்டும். நாளைக் காலையில் டாக்டரிடம் பரிசோதனை. பெரியவளும் முன்கடைக்குப் போக வேண்டும், துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு. எனக்கென்ன, நானா வயிற்றில் சுமக்கிறேன் என்று பெரியவள் இழுத்தாள். அவளுக்கும் நுரையீரல் இரண்டு இருப்பதை நினைவுபடுத்தியதும் போனாள். மின்விசிறி நிறுத்தப்பட்டது, தெருப்பக்கத்து ஜன்னல் திறக்கப்பட்டது, வீட்டுக்குள் திரும்புகிற கதவின் இடுக்கில் ஈரத்துணி அடைக்கப்பட்டது. அவளுடைய குழுவும் வண்டியும் ஊருக்கு வெளியே வேறொரு வேலையில் மாட்டியிருந்தன. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். காந்தம் முன்வந்தான். அவன் கண் முன்கடையிலேயே இருப்பதைக் கவனித்துவிட்டு அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். பிள்ளையின் அறைக்குள் போனதும் தெருப்பக்கத்துத் திரையை இழுத்துவிட்டாள். பகலிலேயே அறை இருட்டியது.

"எல்லாம் பெருக்கியாச்சே," என்றார் அவர். தரை பளிச்சென்று கிடந்தது.

அவள் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அழுத்தினாள்.

மூத்தவர் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

தரையில் வானம் கிடந்தது. வேறெப்படிச் சொல்வது? சுவரிலிருந்து சுவர் வரை, கட்டிலுக்கு அடியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த கோடுகளில், தொட்டிலின் காலைச் சுற்றி, எண்ண முடியாத வெள்ளிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு. பெரியவளின் துடைப்பம் போன தடம்கூடத் தெரிந்தது: விசிறி விசிறியாக, நட்சத்திரம் வாரித் தெளித்த மாதிரி. டார்ச் அசைந்தால் எல்லாம் சேர்ந்து அசைந்தன. இருபத்தைந்து வருஷமாக அவர் நடந்த தரை அது. இப்போது எங்கே காலை வைப்பதென்று தெரியவில்லை.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து தங்கை கேட்டதில்லை.

"இருக்கும்ணே. எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தோணும். காலைத் தூக்காம நில்லுங்க, காலடியில இருக்கு."

அண்ணனும் தங்கையும் முழங்காலில் உட்கார்ந்தார்கள். இரண்டு விறைத்த அட்டையை வைத்து மணிகளை ஒன்றோடொன்று தள்ளினாள் அவள். பக்கத்தில் வந்ததும் அவை தாமாகவே பாய்ந்து ஒட்டி ஒன்றாயின. பிரிந்தவை அத்தனை ஆசையோடு சேருவதை மூத்தவர் குனிந்து பார்த்தார். சேர்ந்ததைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி வாயகன்ற ஜாடியில் விட வேண்டும். சேர மறுக்கும் பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். விரிசல்களில் கந்தகப் பொடி. அவருக்குக் கை பழகியது. பத்து நிமிடத்தில் அவள் சொல்லாமலே டார்ச்சைச் சரியான சாய்வில் பிடித்தார்.

இடையிடையே அவள் சட்டம் சொன்னாள். காற்றை அளக்கிற கருவி தலைமை ஆபீசில் ஒன்றே ஒன்று இருக்கிறது, வர நாலு நாள் ஆகும். அதுவரை எடைதான் சாட்சி. வந்த எடை அப்படியே திரும்பக் கிடைத்துவிட்டால், தானாக முன்வந்து ஒப்படைத்ததாக எழுதி, இரண்டு நாள் காற்றாடவிட்டு, வீட்டைத் திறந்துவிடலாம். குறைந்தால் குறைந்தது தரைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து சீல், தரையைப் பெயர்த்தெடுத்து முடிகிற வரை.

"கடைக்கு எதுக்கு?"

"ஒரே வாசல்தானே."

கடை முற்றத்தில் மறுநாள் போக வேண்டிய லோடு மூன்று லாரி அடுக்கிக் கிடந்தது. ஒரு வருஷ வியாபாரம். மூத்தவர் அடுத்த மணியைத் துரத்தினார்.

மாலை வெயில் கடைக்குள் நீளமாக விழுந்த நேரத்தில் அண்ணனும் தம்பியும் தங்கையும் மின்தராசைச் சுற்றி நின்றார்கள். சின்னவள் மட்டும் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு. தராசுக்கு அருகில் வர அவளுக்கு அனுமதி இல்லை. பெரியவள் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள், தராசுப் பக்கத்துக் காற்று அவள் பக்கம் வராதபடி.

பாட்டிலில் மிஞ்சியதும், டப்பாவில் வழித்ததும், தரையிலிருந்து மீட்டதும் ஒரே ஜாடிக்கு மாறின. காலிப் பாட்டில் இருநூற்று இருபது கிராம். ஆக வந்த சரக்கு, பாட்டில் போக, இரண்டு கிலோ எழுநூற்று அறுபது. ஒட்டுநாடாவும் துடைப்பமும் தனியே நிறுக்கப்பட்டு, சுத்தமான நாடாவின், அதேபோன்ற இன்னொரு துடைப்பத்தின் எடை கழிக்கப்பட்டு, எட்டு கிராம் அவற்றோடு போனதாக வைத்துக்கொண்டார்கள். ஜாடியின் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யமாக்கி, ஜாடியை ஏற்றினாள் ஆபீசர்.

இரண்டு கிலோ எழுநூற்றுப் பதினான்கு.

முப்பத்தெட்டு கிராம் குறைகிறது என்பதை மூத்தவர் மனம் எண் நிற்பதற்குள் போட்டுவிட்டது. ஒரு தேக்கரண்டிகூட இல்லை. எந்த வியாபாரத்தில் முப்பத்தெட்டு கிராமை எவன் பார்க்கிறான்? சேதாரம் என்று தள்ளுவதற்கே அவர் அரைக் கிலோ வைத்திருப்பார்.

"முப்பத்தெட்டுன்னா ரொம்பவா?" என்றான் காந்தம்.

"காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடிக் குச்சி இருக்கில்ல, அதுல ஒரு கிராம்கூட இருக்காது. அது ஒண்ணு உடைஞ்சாலே நாங்க ஜன்னலைத் திறக்கச் சொல்லுவோம்," என்றாள் அக்கா. அவன் தெருவோரத்து நாற்காலியைப் பார்த்தான்.

இன்னொரு முறை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, அவள் திரும்பிப் பைக்குள் பேனாவைத் தேடினாள்.

மூத்தவரின் வலது கட்டைவிரலைப் பற்றி அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. வாங்கும்போது தட்டைக் கீழிருந்து கொஞ்சம் தாங்கும், விற்கும்போது மேலிருந்து கொஞ்சம் அழுத்தும். மாடி அறை அந்த விரல் கட்டியது என்று பெரியவளே சொல்வாள், பெருமையாக. அந்த விரல் இப்போது அவரைக் கேட்காமல் நகர்ந்து தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. எண் ஏறியது. இருபது. முப்பத்தைந்து. நாற்பத்தெட்டு. இன்னும் ஓர் இம்மி அழுத்தினால் கணக்கு நேராகும். வீடு திறக்கும், லோடு போகும், யாரும் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை. எண் அவர் சொன்னபடி கேட்டது, எப்போதும் கேட்பது போல.

அவர் எடையில் ஏமாற்றியவர்களின் வரிசை நீளம். அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். பதிலுக்கு விலையில் அவரை ஏமாற்றியவர்கள். பேரம் பேச வாயுள்ளவர்கள். முதல்முறையாக, இன்னும் வாய்கூடத் திறக்காத ஒருத்தரின் எடையில் கைவைத்திருக்கிறார். அந்த ஒருத்தர் தவழப்போகும் தரை அது. இருட்டில் அந்தத் தரை எப்படி இருந்தது என்று பார்த்த கண் அவருடையது. பார்க்காமல் இருந்திருந்தால் விரல் ஜெயித்திருக்கும்.

விரலை எடுத்தார். எண் இறங்கிப் பழைய இடத்தில் நின்றது.

"விரல் பட்டிருச்சு," என்றார், யாரும் கேட்காதபோது. "இப்பப் பாரு. இதுதான் சரியான எடை."

ஆபீசர் திரும்பினாள். தராசைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். எப்போதோ தேடி எடுத்துவிட்ட பேனா அவள் கையில்தான் இருந்தது. மூடியை இப்போதுதான் கழற்றினாள்.

"குறைவு முப்பத்தெட்டுன்னு எழுதறேண்ணே. எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல."

"எழுது. குறைஞ்சதை என் பேர்ல எழுது. அவன் பேர்ல வேணாம், அவன் அலமாரிதான் வாங்கினான். மூடியைத் திறந்தது நான்."

சின்னவளையும் பெரியவளையும் இன்றைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும், சட்டப்படி அல்ல, சும்மா, என்றும் அவள் சொன்னாள். மூத்தவர் தலையாட்டினார். அவள் வீட்டில் ஜன்னல் நிறையவா என்று மட்டும் விசாரித்தார். நான்கு என்றாள். போதும் என்றார். அந்த அண்ணன் தங்கைக்குள் சமாதானப் பேச்சு அவ்வளவுதான் நடந்தது.

லாரிக்காரருக்குப் போன் போட்டு லோடு இல்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்பியபோது, காந்தம் அங்கேயே நின்றிருந்தான். சட்டைப்பையிலிருந்த காந்தத் துண்டு கைக்கு வந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணன் விரலை எடுத்ததை அவனும் பார்த்திருக்கிறான்.

"அண்ணே," என்றான். "அலமாரில ரெண்டு இருந்துச்சு."

ஆபீசர் மூடிய பேனாவை மறுபடி திறந்தாள்.

இன்னொன்று இதே அளவுதான் என்றான். கனம் எதனாலென்று அப்போது தெரியவில்லை. வழியில் நகைப் பட்டறைக்காரர் எதிர்ப்பட்டார். பார்த்ததும் கண் விரிந்து, மூடியைக்கூடத் திறக்காமல் ஆயிரம் கொடுத்தார். தங்கத் தூளைச் சேர்த்தெடுக்க இதைவிட நல்ல சாமான் இல்லை என்றாராம். லாபம் வந்ததைச் சொல்லி அண்ணனை ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தான்.

"சேர்த்தெடுத்துட்டு அப்புறம் என்ன பண்ணுவார்?" என்று ஆபீசர் கேட்டாள், பதில் தெரிந்த குரலில்.

பதிலை மூத்தவர் சொன்னார். "தீயில காட்டுவார்." அந்தப் பட்டறை இருப்பது நாலு குடித்தனம் உள்ள வீட்டின் கீழ்த்தளத்தில் என்பதையும் அவரே சொன்னார். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். தங்கை வண்டியை எடுத்துவிட்டாள். பின்சீட்டில் அண்ணன் ஏறுவதற்காக ஒரு நொடி நிறுத்தினாள்.

தராசின் பக்கத்தில் அவள் விட்டுப்போன படிவத்தில் மை இன்னும் உலரவில்லை. காந்தம் குனிந்து படித்தான்.

வந்தது, இரண்டு கிலோ எழுநூற்று அறுபது கிராம். கிடைத்தது, இரண்டு கிலோ எழுநூற்றுப் பதினான்கு. நாடாவிலும் துடைப்பத்திலும், எட்டு. தரைக்குள் முப்பத்தெட்டு, பாக்கி, மூத்தவர் பேரில்.

அதற்குக் கீழே, அவசரத்தில் சாய்ந்த எழுத்தில்: பாட்டில் வாங்கியது, இரண்டு. ஒப்படைத்தது, ஒன்று.